கல்லும் கருவும் - 6: பாய்லர் ஆலைக்குப் போன பேராசிரியர்

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி எக்ஸ்ரே மேசையில் படுத்திருக்க, அவள் கை நரம்பில் மோசஸ் ஸ்விக்கின் மருந்து ஏறிக்கொண்டிருந்த இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். 1929-ல் பெர்லினில் வந்த அந்த மருந்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிந்து, சிறுநீர்க்குழாயில் இறங்கும். இறங்கும் வழியெல்லாம் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். கல் அடைத்த இடத்தில் வெள்ளைக்கோடு நின்றுவிடும். அடுத்தடுத்துச் சில படங்கள் எடுத்தால் கல் எங்கே, அடைப்பு எவ்வளவு என்று டாக்டர் சொல்லிவிடுவார். ஐவிபி என்று இந்தச் சோதனைக்குப் பெயர். கல்லைத் தேடியவர்களுக்கு அதைவிட நல்ல துணை அதுவரை கிடைத்ததில்லை.

ஆனால் தாயின் இடுப்பைத் துளைத்துக்கொண்டு போகும் கதிர், வயிற்றுப் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டா போகும்?

புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவுக் கதிர் கருவைச் சிதைக்கும் என்பது 1920-களின் கடைசியிலேயே தெரிந்திருந்தது. படம் எடுக்கத் தேவைப்படும் சிறிய அளவு என்ன செய்யும் என்று யாரும் அழுத்திக் கேட்கவில்லை. கேட்டவர் ஒரு பெண். அவர் தேடிப் போனதும் சிறுநீரகக் கல்லை அல்ல.

*

ஆலிஸ் ஸ்டூவர்ட் 1906-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். ஐம்பதுகளின் நடுவில் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் சமூக மருத்துவப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். பொறுப்பு என்று பேர்தானே தவிர, துறைத் தலைவர் ஜான் ரைல் 1950-ல் இறந்ததும் பல்கலைக்கழகம் அந்தத் துறையைச் சுருக்கிவிட்டிருந்தது. ஆளும் குறைவு, பணமும் குறைவு.

அவருடன் வேலை பார்த்த டேவிட் ஹெவிட் என்ற புள்ளியியலாளர் இறப்புப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. லுகீமியா என்கிற ரத்தப் புற்றுநோயில் சாகும் குழந்தைகள் அதிகமாகியிருந்தார்கள். அதிலும் இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் எண்ணிக்கை தனியாக எகிறி நின்றது. ஊட்டமாக, நல்ல வசதியில் வளர்ந்த பிள்ளைகள். அத்தனை சின்ன வயதில் வருகிற நோய்க்குக் காரணம் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆலிஸுக்குப் பட்டது. அந்த ஏதோ ஒன்று எந்த டாக்டரின் குறிப்பிலும் இருக்காது, தாயைத்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எதையும் மறக்க மாட்டாள். இந்த ஒரு நம்பிக்கைதான் அவருடைய ஆய்வின் அடித்தளம். பெரிய நிறுவனங்கள் கைவிரித்தன. கடைசியில் 1,000 பவுண்ட் கிடைத்தது. கொடுத்தது லேடி டாட்டா நினைவு நிதி. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மருமகள் மெஹர்பாய் 1931-ல் லுகீமியாவில் இறந்தார். கணவர் தோராப்ஜி மறு வருடம் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை அது. ஓர் இந்தியப் பெண்ணின் நினைவுப் பணம் இந்த வரலாற்றில் இப்படி ஒரு திருப்பத்தை உண்டாக்கியது என்பதை நம் வாசகர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பணத்தில் கேள்வித்தாள்களை அச்சடித்தார். அவற்றை எடுத்துக்கொண்டு ரயிலேறி, மாவட்டம் மாவட்டமாகச் சுகாதார அதிகாரிகளைப் பார்த்தார். இறந்துபோன ஒவ்வொரு பிள்ளையின் தாயிடமும், அதே ஊரில் அதே வயதில் நன்றாக இருக்கும் ஒரு பிள்ளையின் தாயிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கச் சொன்னார். பிள்ளைக்கு என்னென்ன நோய் வந்தது, என்ன ஊசி போட்டார்கள், கலர் மிட்டாய் தின்றதா... இப்படி நீண்ட பட்டியலில் ஒரு வரி: கர்ப்பமாக இருந்தபோது உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா?

முதல் சில டஜன் தாள்கள் திரும்பி வந்ததுமே ஆலிஸுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு மட்டும் பிள்ளையை இழந்த தாய்மார் 'ஆமாம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

1956-ல் 'லான்செட்' இதழில் முதல் அறிக்கை வந்தது. பிள்ளையை இழந்த 547 தாய்மாரில் 85 பேருக்குக் கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுக்கப்பட்டிருந்தது. மற்ற 547 தாய்மாரில் 45 பேருக்குத்தான். 1958-ல் விரிவான கட்டுரை. முடிவு மாறவில்லை: வயிற்றில் இருக்கும்போது கதிர் பட்ட பிள்ளைக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மருத்துவ உலகம் கொதித்தது. அன்றைக்கு எக்ஸ்ரே என்றால் நவீனம். இடுப்பு அகலமாக இருக்கிறதா, பிள்ளை தலைகீழாக இருக்கிறதா, இரட்டையா என்று பார்க்கவே ஏராளமான கர்ப்பிணிகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆலிஸின் கணக்கில் வந்த படங்களில் பெரும்பாலானவை அப்படி எடுக்கப்பட்டவைதான். கல்லுக்காக எடுத்தவை சொற்பம். ஆனால் கதிர் ஒன்றுதானே? அதிலும் ஐவிபிக்கு ஒரு படம் போதாது.

'துக்கத்தில் இருக்கும் தாய் பழசைத் தோண்டித் தோண்டி யோசிப்பாள், நல்ல பிள்ளையின் தாய் மறந்திருப்பாள்' என்று எதிர்த்தார்கள். 1960-ல் பேரிடி விழுந்தது. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுக்கும் தொடர்பைக் காட்டிப் புகழ்பெற்ற ரிச்சர்ட் டாலும் அவருடைய கூட்டாளிகளும், கருவில் கதிர் பட்ட சுமார் 39,000 பிள்ளைகளைப் பற்றிய கணக்கை வெளியிட்டார்கள். லுகீமியா கூடவில்லை என்றது அது.

டாலின் சொல்லுக்கு இருந்த எடை ஆலிஸின் சொல்லுக்கு இல்லை. தாய்மாரின் ஞாபகம் தோற்றுவிட்டதா?

*

இரண்டே வருடத்தில் பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹார்வர்டில் பிரையன் மக்மகான் தாய்மாரிடம் எதையும் கேட்கவில்லை. 37 மருத்துவமனைகளில் பிறந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பிரசவப் பதிவேடுகளையே எடுத்தார். எக்ஸ்ரே எடுத்தது பதிவேட்டில் இருக்கிறது, ஞாபகத்துக்கு அங்கே வேலை இல்லை. கதிர் பட்ட பிள்ளைகளிடம் புற்றுநோய் மரணம் சுமார் 40 சதவீதம் கூடுதல். அளவு குறைவு, ஆனால் திசை ஆலிஸ் சொன்னதுதான். தாய்மார் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

இந்த இடத்தில் வாசகர்கள் பதறிவிடக் கூடாது. கர்ப்பம் என்று தெரியாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்ட எத்தனையோ பெண்கள் தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள், சிலர் கருவைக் கலைத்துவிடலாமா என்றுகூடக் கேட்கிறார்கள். இரண்டு மடங்கு என்பது பயமுறுத்தும் சொல். ஆனால் குழந்தைக்கு லுகீமியா வரும் வாய்ப்பு சுமார் 3,000-ல் ஒன்று. அது இரட்டித்தாலும் 3,000-ல் இரண்டு. ஒரு படத்துக்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை என்பதில் இன்றைக்கு மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. கருவுக்குப் போகும் கதிர் 50 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால் ஊனமோ கருச்சிதைவோ கூடுவதாகத் தெரியவில்லை. சாதாரண வயிற்று எக்ஸ்ரே அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனாலும் ஆலிஸ் ஸ்டூவர்ட்டுக்குப் பிறகு கர்ப்பிணியின் வயிற்றுக்கு நேரே எக்ஸ்ரே குழாயைத் திருப்புவதற்கு முன் டாக்டர்கள் ஒரு கணம் யோசிக்கத் தொடங்கினார்கள். அது நியாயம். அதன் விலையைக் கொடுத்தவள் கல்வலியில் துடித்த கர்ப்பிணி.

அவள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். விலாவுக்குக் கீழே கிளம்பி, சுற்றி வந்து, அடிவயிற்றில் இறங்கும் வலி. பிரசவ வலி தொடங்கிவிட்டதோ என்று வீடே அலறும். குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம். படம் எடுத்தால் பிள்ளைக்கு ஆபத்தோ என்ற பயம். எடுக்காமல் விட்டால், அடைத்து நிற்கும் சிறுநீரில் கிருமி பெருகிக் காய்ச்சல் வரும், ரத்தத்தில் நஞ்சு ஏறும், மாதம் நிறையாமலே பிரசவ வலி கண்டுவிடும். கதிர் இல்லாமல் வயிற்றுக்குள்ளே பார்க்க ஒரு வழி வேண்டும்.

அந்த வழி, ஆலிஸ் கேள்வித்தாளோடு ரயிலேறிக்கொண்டிருந்த அதே 1955-ல், ஸ்காட்லாந்தில் இரண்டு கார்களின் டிக்கிக்குள் போய்க்கொண்டிருந்தது.

*

இடம் கிளாஸ்கோ. இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு அந்த ஊர் புதிதல்ல. ராண்ட்ஜன் கதிரைக் கண்டுபிடித்த மறு வருடமே, 1896-ல், ஜான் மெக்கின்டயர் உயிருள்ள மனிதரின் சிறுநீரகக் கல்லை எக்ஸ்ரே படமாகப் பிடித்தது அங்கேதான். ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து, எக்ஸ்ரேயே வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனிதர் அதே ஊருக்கு மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக வந்திருந்தார். இயன் டொனால்ட்.

இரண்டாம் உலகப் போரில் விமானப்படை டாக்டராக இருந்தவர். எரிந்துகொண்டிருந்த குண்டுவீச்சு விமானத்துக்குள் புகுந்து வீரர்களை வெளியே இழுத்துப் போட்டதற்காக விருது வாங்கியவர். ரேடாரும் சோனாரும் அவருக்கு அங்கே அறிமுகம். கடலுக்கடியில் ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க முடியுமானால் வயிற்றுக்குள் இருப்பதை ஏன் முடியாது என்ற எண்ணம் போர் முடிந்தும் அவரை விடவில்லை.

அவர் அறுவை சிகிச்சை செய்த ஒரு பெண்மணியின் கணவர், பக்கத்து ஊரான ரென்ஃப்ரூவில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் கம்பெனியில் இயக்குநர். பாய்லர் இரும்பின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு கருவி வைத்திருந்தார்கள். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக்குள் அனுப்பும். விரிசல் இருந்தால் எதிரொலி திரும்பும். சின்னத் திரையில் ஒரு முள் மாதிரி எழும்.

1955 ஜூலை 21. இரண்டு கார்களின் டிக்கியில், அறுவை சிகிச்சையில் அப்போதுதான் எடுத்த கட்டிகளை ஏற்றிக்கொண்டு டொனால்ட் ஆலைக்குப் போனார். கருப்பையில் வளர்ந்த நார்க்கட்டிகள், சூலகத்தில் வளர்ந்த நீர்க்கட்டிகள். ஒப்பிட்டுப் பார்க்க ஆலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைத் தயாராக வைத்திருந்தார்கள்.

கருவியை முதலில் நீர்க்கட்டியின் மேல் வைத்தார்கள். உள்ளே எதிரொலியே இல்லை. வெறும் சமதளம். அடுத்த பக்கத்துச் சுவரில் மட்டும் சட்டென்று ஒரு முள். நார்க்கட்டியில் வைத்தார்கள். உள்ளே நெடுக எதிரொலி, போகப் போகத் தேய்ந்துகொண்டே போனது. தண்ணீருக்கு ஒரு முகம், சதைக்கு ஒரு முகம். வெட்டாமல், கதிர் படாமல், வெளியிலிருந்தே வித்தியாசம் தெரிந்துவிட்டது. பின்னாளில் வீங்கிய சிறுநீரகத்தை ஸ்கேனில் கறுப்பாகக் காட்டப்போவதும் இதே தண்ணீர்தான்.

டொனால்ட் கடன் வாங்கிய கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கெல்வின் அண்ட் ஹியூஸ் கம்பெனியில் வேலை பார்த்த டாம் பிரவுன் என்ற இளம் எஞ்சினீயருக்கு விஷயம் காதில் விழுந்தது. தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி நம்பரைக் கண்டுபிடித்து, முன்பின் தெரியாத பேராசிரியரை நேராகவே கூப்பிட்டுவிட்டார். நோயாளிகள் சாப்பிட வைக்கும் கட்டில் மேசையை அடிப்படையாக வைத்து அவர் செய்த கருவிதான், தோலின் மேல் நகர்த்தியபடியே உள்ளே இருப்பதைப் படமாக வரைந்த முதல் தலைமுறை ஸ்கேனர். தோலில் தடவியது ஆலிவ் எண்ணெய். இன்று ஜில்லென்று தடவுகிறார்களே ஜெல், அதற்கு மூதாதை.

சக டாக்டர்கள் கேலி செய்தார்கள். ஒரு பெண்மணி வரும்வரைக்கும்தான். வயிறு பானையாக வீங்கி, ஆளே உருகிப்போய்க் கிடந்தார். வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டது, அறுவை சிகிச்சைக்கும் லாயக்கில்லை என்று மூத்த டாக்டர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். டொனால்டின் கருவி வேறு கதை சொன்னது: சுற்றிலும் சுவர், உள்ளே எதிரொலி இல்லை. பெரிய நீர்க்கட்டி. திறந்து பார்த்தார்கள். சூலகக் கட்டிதான். எடுத்துவிட்டார்கள், அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

டொனால்ட், ஜான் மெக்விகர், டாம் பிரவுன் மூவரும் எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7-ல் 'லான்செட்'டில் வந்தது. கருப்பைக்குள் இருக்கும் பிள்ளையும் அதில் நிழலாகத் தெரிந்தது. எழுபதுகளில் சாம்பல் நிறத்தின் பல சாயல்களோடு ஸ்கேன் படம் தெளிந்ததும், தாயின் சிறுநீரகமும் கண்ணுக்கு வந்தது. கர்ப்பிணிக்குக் கல் சந்தேகமா? முதலில் ஸ்கேன். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

*

தீரவில்லை. ஸ்கேன் காட்டியதை நம்பலாமா என்பதே பெரிய தலைவலியாகிவிட்டது.

கர்ப்பிணிகளின் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்தபோதெல்லாம் வலது பக்கம் வீங்கியே தெரிந்தது. கல் இருந்தவர்களுக்கும் வீக்கம், ஒரு வலியும் இல்லாமல் சிரித்துக்கொண்டே வந்தவர்களுக்கும் வீக்கம். காரணம் இயற்கைதான். கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் சிறுநீர்க்குழாயைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்து, இடுப்பெலும்பின் விளிம்பில் அந்தக் குழாயை அழுத்துகிறது. கடைசி மாதங்களில் பத்தில் ஒன்பது பேருக்குக்கூட இந்த வீக்கம் இருக்கலாம். அது நோயே அல்ல. கல்லோ, குழாயின் நடுப்பகுதியில் கருப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் ஸ்கேனுக்கு எட்டுவதே இல்லை.

டாக்டர்கள் புதிய தடயங்களைத் தேடினார்கள். தாயைத் தண்ணீர் குடிக்கவைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கலர் டாப்ளரில் சிறுநீர்ப்பையைப் பார்ப்பார்கள். இரண்டு குழாய்களிலிருந்தும் சிறுநீர் பீச்சி விழும்போது திரையில் வண்ணம் பளிச்சிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளிச்சிடவே இல்லையென்றால் அங்கே அடைப்பு. கெட்டிக்காரத்தனமான சோதனை. ஆனாலும் கண் தப்பியது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்றில், ஸ்கேனை மட்டும் நம்பிக் குழாய்க்குள் கருவி விட்டுப் பார்த்த கர்ப்பிணிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குக் கல்லே இல்லை.

அப்படியானால் பேசாமல் வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கலாமே? பெரும்பாலும் அது சரியான வழிதான். மூன்றில் இரண்டு பேருக்குக் குறையாமல், தண்ணீரும் வலி மருந்துமே போதும், கல் தானாக இறங்கிவிடுகிறது. ஆனால் எந்த வலி மருந்து? சாதாரணமாகக் கல்வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி இங்கே ஆகாது. பனிக்குட நீரில் பெரும்பகுதி பிள்ளை கழிக்கும் சிறுநீர்தான். இந்த வகை மருந்து பிள்ளையின் சிறுநீரகத்தைத் தளரவைத்து அந்த நீரையே வற்றச்செய்யலாம். கடைசி மாதங்களில், பிறந்த பிறகு மூட வேண்டிய இதய ரத்தக்குழாய் ஒன்றை முன்கூட்டியே மூடிவிடலாம். இருபது வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. வீட்டில் மீதமிருக்கும் வலி மாத்திரையைக் கர்ப்பிணிக்கு எடுத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. 2007-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பிரசவப் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். கல்லுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இஸ்ரேலில் செய்த ஆய்வு ஒன்றில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. என் கணிப்பு, கல்லைவிடக் கல்லோடு வரும் அடைப்பும் கிருமியும்தான் பிள்ளையை முந்திக்கொண்டு வெளியே தள்ளுகின்றன என்பது. முந்திப் பிறந்த பிள்ளைக்கு நுரையீரல் சரியாக விரியாமல் போகலாம், தாய்ப்பாலை உறிஞ்சத் தெம்பு இல்லாமல் போகலாம், வாரக்கணக்கில் இன்குபேட்டரில் கிடக்க வேண்டியிருக்கலாம். கல்லின் பாதிப்பு பிறந்த குழந்தையிடம் வந்து சேர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பார்க்கவும் முடியாமல், காத்திருக்கவும் முடியாமல் மருத்துவர்கள் திணறும் இந்தக் கதையில் இப்போது கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1980 பிப்ரவரி 7-ல் மியூனிக்கில் கிறிஸ்டியன் சாஸி என்ற டாக்டர் ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்த டோர்னியர் விமானக் கம்பெனி செய்துகொடுத்த இயந்திரம் அது. கத்தி படாமல், வெளியிலிருந்து அனுப்பிய அதிர்வலை உள்ளே இருந்த கல்லைப் பொடியாக்கியது. உலகமே வியந்தது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அந்தத் தொட்டியில் இடமில்லை. கல்லைப் பொடியாக்கும் அதிர்வு கருவை என்ன செய்யுமோ என்ற பயத்தில் கண்டிப்பாகத் தடை போட்டுவிட்டார்கள்.

தடை எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும், தான் கர்ப்பமாக இருப்பது தனக்கே தெரியாத பெண்ணை அது எப்படித் தடுக்கும்? ஈரானில் சில பெண்கள் அப்படித்தான் அதிர்வலைச் சிகிச்சை செய்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். கரு அப்போது முதல் மாதத்தில் இருந்தது. நாள் தள்ளிப்போய், சோதனை செய்து, விஷயம் தெரிந்து மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார்கள்.

அவர்களுடைய பிள்ளைகள் எப்படிப் பிறந்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்து, விலாப்பக்கத்து வலியோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று இரவே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

(தொடரும்)